பீரியட்ஸ் தள்ளிப்போடும் மாத்திரையும் ஃபிட்ஸும்

செல்லூர் மருந்துக்கடை:
மதுரையில் சித்திரைத் திருவிழா நெருங்கினால் கவுண்டரில் கேட்பது நாரெதிஸ்டிரோன் 5 மி.கி.தான். பீரியட்ஸ் வரவேண்டிய நாளுக்கு 3 நாள் முன்பே தொடங்கி, தினம் 3 வேளை. நிறுத்திய 2–3 நாளில் பட்டுவிடும், அதாவது பீரியட்ஸ் வந்துவிடும். டாக்டர் சீட்டு இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: ஃபிட்ஸ் மாத்திரை ஓடுகிறதா? பினைட்டாயின், கார்பமசெபைன் போடுகிறவர்களுக்குக் கல்லீரல் இந்த ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடும். மூன்று வேளை ஒழுங்காகப் போட்டும் திருவிழா நடுவில் பட்டுவிடும். பழி “டூப்ளிகேட் மாத்திரை” மேல்!

அண்ணாநகர், நரம்பியல் பிரிவு:
அண்ணே, இன்னொன்றும் உண்டு. “இதுவும் புரோஜெஸ்டிரோன் வகைதானே, ஃபிட்ஸையும் அடக்கும்” என்று நம்பிக் கொடுப்பது தப்பு. உடம்பில் சுரக்கும் பெண் ஹார்மோனான இயற்கைப் புரோஜெஸ்டிரோன் மூளையில் அலோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாறும். மூளையை அடக்கும் வேதிப்பொருள் காபா; அது உட்காரும் இருக்கைதான் காபா-ஏ ஏற்பி. அலோபிரெக்னனோலோன் அந்த ஏற்பியில் காபா உட்காரும் இடத்தை விட்டு வேறிடத்தில் ஒட்டி, குளோரைடு வாசலைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கும், நரம்பணு அடங்கும். நாரெதிஸ்டிரோன் அப்படி மாறாது. பீரியட்ஸுக்கு முன் புரோஜெஸ்டிரோன் சடாரென்று இறங்கும்போது அந்த அடக்கமும் போகிறது. எலிகளில் இந்த இறக்கத்தின்போது ஏற்பியில் ஆல்பா-4 துணை அலகு என்ற பாகம் கூடுகிறது. அந்த ஏற்பியிடம் ஃபிட்ஸை நிறுத்தும் டயசெபாம் மருந்து செல்லாது. இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எதிர்க்கட்சி, நரம்பணுவைக் கிளப்பிவிடும் என்எம்டிஏ ஏற்பியைத் தூண்டும். எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் அதன் 4–5 நாள் இனப்பெருக்கச் சுழற்சிக்குள்ளேயே, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணையும் நரம்பிழை முட்கள் சுமார் 30 சதவீதம் ஏறி இறங்குவதை 1990இல் வூலி, மெக்கெவன் குழு காட்டியது.

திருமங்கலம், செவிலியர்:
பீரியட்ஸை ஒட்டி ஃபிட்ஸ் வருகிறவர்கள் “பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருது” என்பார்கள். நிலாச் சுற்று 29.5 நாள், பீரியட்ஸ் சுழற்சி சுமார் 28 நாள். இரண்டு மாதம் ஒத்துப்போகும்; ஐந்தாவது மாதம் ஒரு வாரம் விலகியிருக்கும். காலண்டரில் பட்ட நாளை 1 என்று போடுங்கள், முந்தைய நாள் −1, பூஜ்யம் கிடையாது. −3 முதல் +3 வரை 6 நாள். குறைந்தது 3 சுழற்சி பார்த்து, அந்த நாட்களில் ஃபிட்ஸின் தினசரிக் கணக்கு மற்ற நாட்களைவிட ஏறக்குறைய இரு மடங்கானால் பீரியட்ஸோடு தொடர்பு உண்டு என்று சந்தேகப்படலாம். அழகரை வரவேற்கும் எதிர்சேவை இரவை மட்டும் தனியாகக் குறியுங்கள். தல்லாகுளத்தில் விடிய விடிய நின்ற தூக்கக்கேடே ஃபிட்ஸைக் கிளப்பும், விரதம் என்று மாத்திரையை விட்டால் கேட்கவே வேண்டாம்.

அண்ணாநகர், நரம்பியல் பிரிவு:
சரியாகச் சொன்னீங்கக்கா. கணக்கு உறுதியானால் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் குளோபாசம் என்ற ஃபிட்ஸ் மாத்திரையைச் சேர்ப்பதுண்டு. தினமும் கொடுத்தால் உடம்பு பழகி மாத்திரையின் வேகம் குறையும். சிக்கல் எங்கே என்றால், −3 எது என்பது பட்ட பிறகுதான் தெரியும். சுழற்சி முன்னே பின்னே போகிறவர்களுக்கு மாத்திரை பாதி மாதங்களில் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.