ஆயி பெயர்த்த முதல் செங்கல்

கெடிலக்கரையான்: புதுச்சேரியின் அடையாளச் சின்னங்களைப் பற்றிய உங்கள் தொடரில் ஆயி மண்டபப் பகுதியைப் படித்தேன். "ஆயி கண்ணீர் மல்க முதல் செங்கல்லைத் தன் கையாலேயே பெயர்த்தாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை யார் பார்த்தது? கதையில் வரும் அரசர் கிருஷ்ணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. மண்டபம் எழுந்ததோ பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில். இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடக்க, எல்லாவற்றையும் நேரில் கண்டதுபோல் ஒரே மூச்சில் சொல்வது வரலாறாகாது.

முத்தியால்பேட்டையாள்: ஆண்டுக் கணக்கு சரிதான் ஐயா. ஆனால், விளக்கொளியில் மின்னிய தாசி வீட்டைக் கோயிலென்று எண்ணி அரசர் கும்பிட்டதும், உண்மை தெரிந்ததும் அதை இடிக்கச் சொன்னதும், ஆயி தானே இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டியதும் எங்கள் ஊரில் வழிவழியாக வரும் கதை. அதை நீக்கினால், அந்தக் குளம் இருந்ததாகச் சொல்லும் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாகப் பிரெஞ்சுக்காரர் கட்டிய வெள்ளை மண்டபம் என்ற ஒற்றை வரிதான் மிஞ்சும். திறப்புவிழாக் கல்வெட்டுபோல் எழுத எனக்கு மனமில்லை.

கெடிலக்கரையான்: நீக்கச் சொல்லவில்லையே, அம்மா. எங்கள் கடலூர்க் கதை இதற்கு நேர்மாறு. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் சேர்த்தி என்பது பேச்சு. அதற்கென்றே நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள். எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். கேட்டால் திண்ணைக் கதைபோல் இருக்கிறது, ஆனால் கம்பெனிப் பதிவிலேயே உள்ளது. ஆயி கதையையும் அதே குரலில் எழுதினால், வாசகர் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவார்?

சுண்ணாம்புக்காரை: ஒரு சொல். பிரெஞ்சுக்காரரிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதியதால், 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்டதை ஒரு தமிழரின் பார்வையில் அறிகிறோம். தாசி ஒருத்திக்காக யார் நாட்குறிப்பு எழுதியிருப்பார்கள்?

கெடிலக்கரையான்: நியாயமான கேள்விதான். ஆனால் பதிவு இல்லாமை கண்ணீருக்குச் சான்றாகிவிடாது.

முத்தியால்பேட்டையாள்: சரி, கண்ணீரை எடுத்துவிடுகிறேன். பத்தியின் தொடக்கத்தில் 'ஊரார் சொல்வது' என்று ஒருமுறை சொல்வேன். வரிக்கு வரி 'என்பர்' போட மாட்டேன். செங்கல் மட்டும் இருக்கட்டும். வீட்டை இடித்தவள் ஏதோ ஒரு செங்கல்லில் தொடங்கியிருப்பாள் அல்லவா?

கெடிலக்கரையான்: அது செங்கல் வீடு என்று உங்களுக்கு யார் சொன்னது?