பால் கக்கும் ஒன்பது வாரக் குழந்தை: தலையணை வைத்துச் சாய்த்துப் படுக்க வைக்கலாமா?

கோத்தகிரிக்காரி:

மகளுக்கு நாளையோடு ஒன்பது வாரம். தாய்ப்பால் மட்டும்தான். குடித்து முடித்து, தோளில் போட்டுத் தட்டி, ஏப்பமும் வந்து, சரி இனிப் படுக்க வைக்கலாம் என்று குனியும்போது கக்குவாள். சில சமயம் பாலாகவே வரும். சில சமயம் முக்கால் மணி நேரம் கழித்து, திரிந்து கட்டி கட்டியாக, புளித்த வாடையோடு வரும். நேற்று மட்டும் பதினொரு தடவை. துணி துவைக்கிறவளுக்குத்தான் கணக்கு தெரியும். ஐப்பசி மழை விடவில்லை, வெயில் பார்த்து மூன்று நாளாகிறது. அடுப்படியில் கயிறு கட்டித்தான் காயப்போடுகிறேன், குழந்தையே கடுகு கறிவேப்பிலையாக மணக்கிறாள்.

மாமியார் "கக்குற பிள்ளை தக்கும்" என்கிறார். சொன்ன வாயாலேயே, உரம், அதாவது சுளுக்கு, விழுந்திருக்கும், மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பாட்டி புடவையில் போட்டு உருட்டி எடுப்பார், போவோமா என்றும் கேட்கிறார். என் அம்மா போனில் வசம்பு சுட்டு உரைத்துக் கொடு என்கிறார். மலையிலிருந்து கீழே போனபோது ஒரு டாக்டரிடம் காட்டினோம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு டோம்பெரிடோன் சொட்டு மருந்து எழுதினார். எதற்கு என்று கேட்டேன். "கொடுங்க, சரியாகிடும்." பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.

பிறந்தபோது 2.9 கிலோ, ஒன்றரை மாத ஊசி போட்ட அன்று 4.1. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ஒன்றுக்குப் போகிறாள். கக்கியதும் சிரிக்கவும் செய்கிறாள், அழுவது நான்தான். மல்லாக்கப் படுக்க வைத்தால் பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடுமோ என்று ராத்திரி தூங்கவே பயம். தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்தலாமா?

குன்னூர் அக்கா, இரண்டு பிள்ளைகள்:

தலையணை வேண்டாம் தங்கச்சி. நானும் முதல் பிள்ளைக்கு மடித்த கம்பளியை வைத்தேன். நடுராத்திரி பார்த்தால் சறுக்கிக் கீழே வந்து, தாடை நெஞ்சில் முட்டிக் கிடந்தான். சின்னக் குழந்தைக்கு அப்படிக் கிடந்தால் மூச்சு அடைக்கும். சமமான, அமுங்காத படுக்கையில் மல்லாக்கத்தான் போட வேண்டும்.

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது செய்ததைச் சொல்கிறேன். நீ எந்த அழுகைக்கும் பால்தானே கொடுக்கிறாய்? நானும் அப்படித்தான். வயிறு முட்ட இருக்கும்போது மேலும் ஊற்றினால் வழியத்தான் செய்யும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடு. நடுவில் ஒரு முறை நிறுத்தி ஏப்பம் விட வை. அப்புறம் இருபது முப்பது நிமிடம் நிமிர்த்திப் பிடி. உட்கார வைத்துக் குறுக்காதே, வயிறு அமுங்கும். குடித்த சூட்டில் தூளியில் போடுவதும் அதே கதைதான், மடங்கிக் கிடப்பாள். குளிருக்கு வயிற்றைச் சுற்றித் துணி கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு.

ராத்திரி இரண்டு மணிக்கு, இந்தக் குளிரில், அரை மணி நேரம் உட்கார்ந்திரு என்று சொல்வது சுலபம், எனக்குத் தெரியும். வீட்டுக்காரரை எழுப்பு. பால் கொடுப்பது உன் வேலை, பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை. குழந்தையை வெறும் மார்போடு சேர்த்து, முகம் வெளியே தெரியும்படி மேலே சால்வை போட்டுக்கொண்டால் இரண்டு பேருக்கும் சூடு. அவர் அப்படியே தூங்கிவிடக் கூடாது, அது முக்கியம். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. அதை மட்டும் செய்துவிடாதே, அதிலிருந்து வரும் விஷ வாயுவுக்கு வாடையே இருக்காது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

ஓய்வு பெற்ற செவிலி, ஊட்டி:

மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குப் போக வேண்டுமானால் மேட்டில் ஏற வேண்டும். கவிழ்த்துப் போட்டால் அது பள்ளமாகிவிடும். பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரைப்பைக்கு மேலே வாய் மாதிரி ஒரு தசை உண்டு, இந்த வயதில் அது சரியாக மூடாது. நான்கு மாத வாக்கில் கக்கல் அதிகமாகும், உட்கார்ந்து, நடக்கத் தொடங்கும்போது குறையும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும். உன் மகளுக்கு எடை ஏறுகிறது, சிரிக்கிறாள். இதற்கு மருந்தே வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. டோம்பெரிடோன் இதயத் துடிப்பைத் தொந்தரவு செய்யக்கூடியது. கக்கலுக்குப் பலன் தரும் என்பதற்கும் சான்று குறைவு. ஆனால் எழுதிக் கொடுத்தவரிடம் காரணம் கேட்காமல் நான் இங்கிருந்து முடிவு சொல்லக் கூடாது. சீட்டையும் எடை அட்டையையும் எடுத்துக்கொண்டு வேறொரு குழந்தை டாக்டரைப் பார். வசம்பு, தேன் இரண்டும் கூடாது. புடவையில் உருட்டுவதைப் பற்றிக் கேட்கவே வயிறு கலங்குகிறது, அந்தக் கழுத்து தாங்காது.

ஒன்றை மட்டும் மனதில் வை. பச்சையாகக் கக்கினால், அது எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும், காலை வரை காத்திருக்காதே, குடலில் அடைப்பு இருக்கலாம். ஒவ்வொரு முறையும் பீச்சியடித்து ஒரு முழம் தள்ளி விழுந்தாலும், கக்கலில் ரத்தம் வந்தாலும், மூச்சு வாங்கினாலும், பால் மறுத்தாலும், நாப்பி காய்ந்தே கிடந்தாலும், 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

கூடலூர் அப்பா:

எங்கள் பையனுக்குக் கக்கலோடு மலத்தில் சளியும் ரத்தக் கோடும் வந்தது, உடம்பெல்லாம் சொரி வேறு. பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். மனைவி மூன்று வாரம் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் நிறுத்தினார். கூடலூரில் பால் விடாத கட்டன் சாயாவுக்குப் பஞ்சமில்லை, அதனால் பிழைத்தோம். பையனுக்குக் குறைந்தது. மறுபடி தயிர் சாப்பிட்டுப் பார்த்தபோது இரண்டே நாளில் திரும்ப வந்தது, அப்படித்தான் உறுதியானது. உங்கள் மகளுக்கு அந்த அறிகுறி இல்லையே. டாக்டர் சொல்லாமல் நீங்களாக எதையும் நிறுத்திவிட்டு இளைக்காதீர்கள்.

கோத்தகிரிக்காரி (பன்னிரண்டு நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. அக்கா எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வயிற்றுத் துணியை மாமியார் நன்றாக இறுக்கித்தான் கட்டியிருந்தார், தொப்புள் பிதுங்காது என்று. அவிழ்த்தாயிற்று. வேறு டாக்டர் பார்த்தார், மருந்து வேண்டாம் என்றார். வீட்டுக்காரர் டீ பேக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வருவார். வந்ததும் கை கழுவி, சட்டையைக் கழற்றிவிட்டு அவளை வாங்கிக்கொள்கிறார். அரை மணி நேரத்தில் பச்சைத் தேயிலை விலையைப் பற்றி அவளிடம் முழுப் புகாரும் சொல்லி முடித்துவிடுகிறார்.

கக்கல் நிற்கவில்லை. பதினொன்று இப்போது ஆறு, ஏழு. நேற்று இரண்டரை மாத ஊசி, 4.9 கிலோ. எடை போட்ட செவிலியின் ஸ்வெட்டரிலும் கக்கினாள். இன்று வெயில். வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடி மேலெல்லாம் அவள் துணிதான்.

இன்னொரு கேள்வி. தை மாதம் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். பால் கொடுத்து எவ்வளவு நேரம் கழித்து ஏறலாம்?

குன்னூர் அக்கா:

ஒரு மணி நேரம் விடு. முன் சீட் பிடி. தோளுக்கு இரண்டு துண்டு, உனக்கு ஒரு மாற்று ரவிக்கை. குஞ்சப்பனை வளைவில் பெரியவர்களே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார்கள், உன் மகளை யாரும் கவனிக்க மாட்டார்கள்.