ஆப்ட்டும் ஆப்ட்-கெட்டும் ஒன்றா? மிரர் மேல் பழி போட வேண்டாம்

பழையடெர்மினல்:
நீலத்திரையின் இரண்டு உபுண்டு 22.04 (லினக்ஸ்) கணினிகளில் அப்கிரேட் ஒரே மாதிரி நடக்கவில்லையாம். ஒன்றில் ஏறிய பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) இன்னொன்றில் "கெப்ட் பேக்", அதாவது நிறுத்திவைக்கப்பட்டது, என்று நிற்கிறது. அதற்கு சர்வர்சாமி நேற்று சொன்ன பதில்: "ஆப்ட்டும் ஆப்ட்-கெட்டும் ஒன்றுதான், மிரர் பழசு." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆப்ட் (apt), ஆப்ட்-கெட் (apt-get) இரண்டும் பேக்கேஜ்களை நிறுவிப் புதுப்பிக்கும் கட்டளைகள்; மிரர் என்பது அவை இறங்கும் நகல் சர்வர். ஒன்றல்ல. ஆப்ட்-கெட் அப்கிரேட் புதிய பேக்கேஜ் எதையும் சேர்க்காது, ஆப்ட் அப்கிரேட் சேர்க்கும். கெர்னலின் (இயங்குதளத்தின் மையக்கருவின்) புதுப் பதிப்பு புதுப் பெயரில் வருவதால் ஆப்ட்-கெட் அதை ஒதுக்கி வைக்கிறது. மிரர் என்ன பாவம் செய்தது?

சர்வர்சாமி:
இரண்டும் ஒரே லைப்ரரியில்தான் (பொது நிரல் தொகுப்பில்தான்) ஓடுகின்றன. அப்புறம் எப்படி வேறாகும்? 2014-இல் ஆப்ட் 1.0 வருவதற்கு முன்பிருந்தே நான் சர்வர் பார்க்கிறேன். எனக்கு மேனுவல் படித்துக் காட்ட வேண்டாம்.

பழையடெர்மினல்:
படித்திருந்தால் ஏன் காட்டப் போகிறேன்? ஆப்ட்-கெட் அப்கிரேட்டோடு வித்-நியூ-பிகேஜிஎஸ் ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டுங்கள், அப்போதுதான் ஆப்ட் செய்வதைச் செய்யும். ஒன்றல்ல.

நீலத்திரை:
அண்ணா, இரண்டிலும் ஆப்ட் அப்கிரேட்தான் கொடுத்தேன். மிரரும் ஒன்றே. நிற்பது கெர்னலும் இல்லை.

பழையடெர்மினல்:
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் இது ஃபேஸ்டு அப்டேட். உபுண்டு ஒரு அப்டேட்டை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடாது, சதவீதம் சதவீதமாகத் திறக்கும். முன்பு வரைகலை அப்டேட்டர் மட்டும் அதை மதித்தது, 21.04 முதல் ஆப்ட்டும் மதிக்கிறது. உங்கள் முறை எப்போது என்பதை கணினியின் அடையாள எண்ணான மெஷின்-ஐடிதான் தீர்மானிக்கிறது. ஆப்ட் பாலிசி என்று கொடுத்து அந்த பேக்கேஜின் பெயரைப் போடுங்கள், பதிப்புக்குப் பக்கத்திலேயே சதவீதம் இருக்கும். அதற்காக ஆப்ட்டும் ஆப்ட்-கெட்டும் ஒன்றாகிவிடாது.

சர்வர்சாமி:
ஃபேஸிங் இரண்டுக்கும் பொருந்தும்தானே? அப்போது இரண்டும் ஒன்றுதான்! அதோடு என் சர்வர்கள் எல்லாம் எப்போதும் ஒரே முடிவைத்தான் காட்டுகின்றன. ஃபேஸிங் எல்லாம் சும்மா கதை.

பழையடெர்மினல்:
ஒரே இமேஜில் (நிறுவிய வட்டின் நகலில்) குளோன் எடுத்து மெஷின்-ஐடியை மாற்றாமல் விட்டிருப்பீர்கள். ஐடி ஒன்றானால் முடிவும் ஒன்றாகத்தான் வரும். இதைப் பெருமையாக வேறு சொல்கிறீர்கள்.

டெபியன்தாசன்:
டெபியன் லினக்ஸுக்கு வந்துவிடுங்கள், இந்த ஃபேஸிங் தொல்லையே கிடையாது.

சர்வர்சாமி:
வந்துட்டாருப்பா! 2023-இல் டெபியன் 12 வரும்வரை வைஃபை ஃபர்ம்வேருக்கு (வன்பொருளை இயக்கும் மென்பொருளுக்கு) தனி நிறுவல் இமேஜ் தேடி அலைய விட்டவர்கள் நீங்கள்.

டெபியன்தாசன்:
அந்த ஃபர்ம்வேர் கட்டற்றதல்ல, அதைச் சேர்க்காதது கொள்கை. கட்டற்ற மென்பொருள் என்றால் என்னவென்று ஸ்னாப்பை (உபுண்டுவின் தனி பேக்கேஜ் முறையை) திணிக்கிற கூட்டத்துக்கு எப்படிப் புரியும்?

பழையடெர்மினல்:
ஸ்னாப் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். சாமி, ஆப்ட்டின் வெளியீட்டை கிரெப்புக்கு (உரை தேடும் கட்டளைக்கு) அனுப்பிப் பாருங்கள். இதன் இடைமுகம் நிலையானதல்ல, ஸ்கிரிப்ட்டில் கவனமாகப் பயன்படுத்து என்று அதுவே எச்சரிக்கும். ஆப்ட்-கெட் எச்சரிக்கிறதா?

சர்வர்சாமி:
எச்சரிக்கை வந்தால் வேறு நிரலா? ஒன்றுதான்.

நீலத்திரை:
ஆப்ட் பாலிசியில் 20% என்று காட்டுகிறது. நான் காத்திருக்கட்டுமா, வேண்டாமா?

பழையடெர்மினல்:
காத்திருங்கள், முறை வந்ததும் தானாக ஏறும். சாமி, இன்னொன்றும் கேளுங்கள்: நிறுவி முடித்ததும் இறக்கிய டெப் (பேக்கேஜ்) கோப்புகளை ஆப்ட் அழித்துவிடும், ஆப்ட்-கெட் வைத்திருக்கும். ஒன்றல்ல என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சர்வர்சாமி:
ஒரே லைப்ரரி. ஒன்றுதான்.