ஒரே பீலித் தண்ணீர்: ஓர் அறிக்கையில் நைத்திரேற்று 9.2, மற்றதில் 41

தோட்டப் பாடசாலை ஆசிரியர்:
வணக்கம். நுவரெலியாப் பக்கத்தில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் குடிக்கும் பீலிக்கு, அதாவது மலைத் தண்ணீர் விழும் குழாய்க்கு, மேலே கரட், லீக்ஸ் போடும் மரக்கறித் தோட்டங்கள் இருப்பதால், பசளை தண்ணீரில் இறங்குகிறதா என்று அறிவதற்காக ஒரே வேளையில் இரண்டு போத்தல்களில் தண்ணீர் எடுத்து இரண்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினோம். முதல் அறிக்கையில் "நைத்திரேற்று, நைதரசனாக: 9.2 மி.கி./லீ." என்றும், இரண்டாவதில் "நைத்திரேற்று: 41 பிபிஎம்" என்றும் இருக்கிறது. ஈயம் ஒன்றில் 0.004 மி.கி./லீ., மற்றதில் 4 பிபிபி. எதை நம்புவது? பெற்றோரோ, கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா என்று கேட்கிறார்கள்.

பழைய ஆய்வுகூடக்காரர்:
ஆசிரியருக்கு வணக்கம். இரண்டையும் நம்பலாம், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் சொல்கின்றன.

ஒரு லீற்றர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோகிராம், அதாவது பத்து இலட்சம் மில்லிகிராம் என்பதால், லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்பதும் மில்லியனில் ஒரு பகுதி, அதாவது ஒரு பிபிஎம், என்பதும் குடிநீரைப் பொறுத்தவரை ஒன்றுதான். அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்கிரோகிராமுக்கு இறங்கினால் பில்லியனில் ஒரு பகுதி, அதாவது ஒரு பிபிபி, கிடைக்கும். ஆகவே ஈயத்தின் 0.004 மி.கி. என்பது 4 மைக்கிரோகிராம், 4 பிபிபி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 10 பிபிபி என்பதால் அதில் கவலை இல்லை.

நைத்திரேற்றில் சிக்கல் அலகில் இல்லை, எதை நிறுத்தார்கள் என்பதில் இருக்கிறது. நைத்திரேற்று அயனின் திணிவு 62. அதில் நைதரசன் மட்டும் 14. முதல் ஆய்வுகூடம் அந்த நைதரசனை மாத்திரம் கணக்கில் எடுத்திருக்கிறது, இரண்டாவது அயன் முழுவதையும் எடுத்திருக்கிறது. 62-ஐ 14-ஆல் வகுத்தால் 4.43, 9.2-ஐ அதனால் பெருக்கினால் 40.8. உங்கள் 41 அதுதான்.

எல்லை அளவுகளும் இதே போல் இரண்டு வடிவங்களில் புழங்குவதால்தான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் நைத்திரேற்றாக 50 மி.கி. என்கிறது, அமெரிக்கா நைதரசனாக 10 மி.கி. என்கிறது. உங்கள் 9.2-ஐ 50-உடன் வைத்துப் பார்ப்பவர் தண்ணீர் மிக நல்லது என்று போய்விடுவார். 41-ஐ 10-உடன் வைத்துப் பார்ப்பவர் பீலியையே மூடச் சொல்வார். சரியாக ஒப்பிட்டால், 50 என்ற எல்லையில் ஐந்தில் நான்கு பங்கு வரை வந்துவிட்ட தண்ணீர் இது. "எதுவாக" என்று எழுதாத நைத்திரேற்று அறிக்கையை நான் பாதி அறிக்கை என்றே சொல்வேன். இரண்டாவது ஆய்வுகூடத்திடம் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கொதிக்க வைப்பது கிருமிகளுக்கு நல்லது, நைத்திரேற்றுக்கு நேர்மாறானது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. ஒரு லீற்றர் முக்கால் லீற்றராகச் சுண்டும்வரை கேத்தல் அடுப்பில் இருந்தால் 41 என்பது 55-க்குப் போய் எல்லையைத் தாண்டிவிடும். எனவே கொதி வந்ததும் இறக்கிவிடச் சொல்லுங்கள். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றலை நைத்திரேற்று குறைக்கக்கூடியது என்பதால், அவர்களுக்குப் பால் கரைக்க வேறு தண்ணீர் எடுப்பது நல்லது.

தேயிலைத் தொழிற்சாலை:
மேலே சொன்ன லீற்றர்க் கணக்கைத் தேயிலைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு எல்லாம் கிலோவுக்கு மில்லிகிராம்தான். தனி வரம்பு விதிக்கப்படாத பீடைகொல்லிகளுக்கு யப்பான் வைத்திருக்கும் பொது எல்லை 0.01 பிபிஎம், அதாவது 10 பிபிபி. அது தேயிலைத் தூளுக்குரியது, பச்சைக் கொழுந்துக்குரியது அல்ல. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து போகிறது. வாட்டும்போதும் உலர்த்தும்போதும் மருந்து அழியவில்லை என்று வைத்துக்கொண்டால், கொழுந்தில் 2.2 பிபிபி இருந்தாலே தூளில் எல்லையைத் தொட்டுவிடும். ஆகவே எந்த எண்ணைக் கண்டாலும், ஈர நிறைக்கா உலர் நிறைக்கா என்று கேட்காமல் கணக்குப் போடக்கூடாது.

உயர்தர மாணவி:
சேர், எங்கள் செயற்றிட்டத்துக்காகப் பேருந்து நிலையத்தருகே வைத்த கருவி நைதரசன் ஈரொட்சைட்டு 10 பிபிபி என்று காட்டுகிறது. அதுவும் 10 மைக்கிரோகிராம் தானா?

பழைய ஆய்வுகூடக்காரர்:
இல்லை, மகள். வளியில் பிபிபி என்பது நிறைப் பங்கு அல்ல, கனவளவுப் பங்கு. பிபிபி அளவை மூலர்த் திணிவால் பெருக்கி, ஒரு மூல் வாயு அடைக்கும் லீற்றர்களால் வகுத்தால்தான் கனமீற்றருக்கு எத்தனை மைக்கிரோகிராம் என்று வரும். இந்த வாயுவின் மூலர்த் திணிவு 46. பாடநூல்களில் வரும் 24.45 லீற்றர் என்பது 25 பாகை செல்சியஸுக்கும் கடல்மட்ட அமுக்கத்துக்கும் உரியது. அதன்படி விடை 18.8.

ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு அமுக்கம் 81 கிலோபாஸ்கல் அளவுதான். 16 பாகைக் குளிரிலும் ஒரு மூல் வாயு 29.7 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். அந்த நிலைமையில் உண்மையில் கனமீற்றருக்கு 15.5 மைக்கிரோகிராம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையுடன் ஒப்பிடுவதானால் 18.8-ஐ எடுங்கள், ஏனெனில் அந்த எல்லைகள் 25 பாகைக்கும் கடல்மட்ட அமுக்கத்துக்கும் திருத்திய அளவுகளுக்கே உரியவை. எந்த நிலைமைக்குக் கணக்கிட்டீர்கள் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.