மான்ஸ்டருக்கும் பசிக்கும்ல? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி கதாபாத்திரமா நடிச்சு டைஸ் உருட்டுற ஆட்டத்துல உங்களை உறுத்தின ஒரு சந்திப்பைச் சொல்லுங்க

குகைவாசி:
கேவ்ஸ் ஆஃப் கேயாஸ். கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ் ஆடாதவங்க இங்க இருக்க மாட்டீங்க, அதனால முன்கதை ஒரே வரி: எல்லையில ஒரு கோட்டை, பக்கத்துப் பள்ளத்தாக்குல மான்ஸ்டர் குகைங்க. ஹாப்கோப்ளின்ங்கிற மான்ஸ்டர் இனத்தோட குகையில சண்டை முடிஞ்சு, எங்க ஃபைட்டர் (சண்டைக்காரன் வேஷம்) பொது அறைக் கதவை உதைச்சுத் திறந்தான். உள்ளே குட்டிங்க. சண்டை போடாதுங்கன்னு ஆட்டத்தை நடத்துற டிஎம் புத்தகத்தைப் பார்த்து வாசிச்சார். எங்க ஃபைட்டர், "எக்ஸ்பி உண்டா?"ன்னான், கொன்னா அனுபவப் புள்ளி கிடைக்குமான்னு. கிளெரிக்கா, அதாவது பூசாரியா ஆடுற அக்கா அவனைக் கண்டுக்கவே இல்ல. "இதுங்களுக்கு நைட்டு யார் சோறு போடுவா?"ன்னாங்க. டிஎம் கூசாம சொன்னார்: "பக்கத்துக் குகைக்காரங்க போட்டிருக்கலாம். அவங்களைத்தான் போன செஷன்ல நீங்க முடிச்சிட்டீங்களே."

அதுல இருந்து எனக்கு ஒரே யோசனை. ஒரே பள்ளத்தாக்குல கோபோல்ட், ரெண்டு ஆர்க் கூட்டம், கோப்ளின், ஹாப்கோப்ளின், பக்பேர், நோல், போதாக்குறைக்கு ஓகர், மினோடார். ஒரு வயல் கிடையாது, ஒரு ஆட்டுப்பட்டி கிடையாது. இத்தனை வாயும் எதைத் தின்னு உயிரோட இருக்கு?

உப்புக்கண்டம்:
புத்தகத்தைச் சரியா படிங்க குகைவாசி. கோபோல்ட் குகையில சேமிப்பு அறை இருக்கு: காய்ஞ்ச கறி, உப்புக்கறி, தானியம், காய்கறி. கூடவே மனுஷத் துண்டும். ஹாப்கோப்ளின் சிறையில இருக்கிற குண்டு வியாபாரி அன்னிக்கு ராத்திரி விருந்துக்கு. எங்க பார்ட்டி, அதாவது எங்க குழு, அவரை விடுவிச்சப்போ அவர் கேட்ட முதல் கேள்வி, "என் மூட்டையெல்லாம் பத்திரமா?" எனக்கு மறக்காதது அதுதான். சாப்பாடு கொள்ளையில வருது, அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தோட ஆசிரியர் கைகாக்ஸ் இதை எழுதாம விடல.

நாலுமுக_டைஸ்:
ஒரு வியாபாரி எத்தனை நாளைக்கு வருவார் @உப்புக்கண்டம்? அந்தக் கோட்டைக்கு வர்ற வண்டியெல்லாம் கொள்ளை போனா அடுத்த வருஷம் எவன் வண்டி கட்டுவான்? ஒட்டுண்ணி தனக்கு இடம் கொடுத்த உயிரைக் கொன்னா தானும் சாகும்.

என் கதை சின்னது. மலையில கிழட்டுச் சிவப்பு டிராகன், கிராமத்துல மாடு காணாம போகுது, கதைக்குள்ள இழுக்கிற வழக்கமான கொக்கி. எங்க குழுவுல ட்ரூயிட்டா (காட்டு மந்திரவாதி) ஆடுற பொண்ணு நிஜத்துல விலங்கியல் படிக்கிறவ. "இது நேத்து வந்ததா, இருநூறு வருஷமா இருக்கா?"ன்னு கேட்டா. இருநூறுன்னார் டிஎம். "அப்போ இந்தக் காட்டுல மான் எப்படி மிச்சம் இருக்கு?" டிஎம் ஸ்க்ரீனுக்குப் பின்னால தலையைக் குனிஞ்சவர்தான், டீ ஆறினப்புறம்தான் நிமிர்ந்தார்.

கர்நாடகாவுல நாகரஹொளே காட்டுல புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் பண்ணின வேலையை அவதான் சொன்னா. ஒரு புலிக்கு வருஷத்துக்குச் சுமார் 50 மான் அளவு இரை வேணும். அது குறையாம கிடைக்க, காட்டுல சுமார் 500 இரை விலங்கு நின்னுட்டு இருக்கணும். டிராகனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. கடைசியில டிஎம் அதைக் கொமோடோங்கிற ராட்சத உடும்பு பக்கம் தள்ளிட்டார். கொமோடோ ஒரே வேளையில தன் எடையில 80 சதவீதம் வரைக்கும் முழுங்கும், வருஷத்துக்கு ஒரு டஜன் வேளை போதும். நெருப்பு கக்குற உடம்பு எப்படிக் குளிர் ரத்தமா இருக்கும்னு நான் கேட்டேன். பதில் இன்னும் வரல.

பழைய_ஷார்ட்:
நீங்கல்லாம் மேஜை ஆட்டக்காரங்க. இதை நிஜமாவே செஞ்சு பார்த்த ஆட்டம், இணையத்துல கூட்டமா ஆடுற அல்டிமா ஆன்லைன், 1997. புல்லை முயல் தின்னும், முயலை ஓநாய் தின்னும், இரை குறைஞ்சா டிராகன் ஊர்ப்பக்கம் வரும்னு அதை வடிவமைச்ச ராஃப் காஸ்டர் குழு உலகத்தையே சங்கிலியா கட்டினாங்க. ஆட வந்த கூட்டம் முளைக்க முளைக்க எல்லாத்தையும் வெட்டிப் போட்டுச்சு. சங்கிலி ஓடவே இடம் கிடைக்கல, கழட்டி வெச்சுட்டாங்க. நான் உள்ளே போனப்போ மிச்சம் இருந்தது மயானத்துல எலும்புக்கூடு எப்போ முளைக்கும்னு நிக்கிற கூட்டம்தான். பக்கத்துல நின்ன ஒருத்தன் டைப் பண்ணினான்: "வரிசைல வாங்க அண்ணே." செத்தவனை மறுபடி கொல்ல வரிசை! அதனால @நாலுமுக_டைஸ், டிராகன் எதைத் தின்னுதுன்னு தேடாதீங்க. அந்த உலகத்துல உச்சிக் கொன்றுண்ணி நாமதான்.

கணக்கு_வாத்தியார்:
ஒரு ஆர்க் முகாமில் குழந்தைகளை எண்ணச் சொன்னார் என் மாணவர் ஒருவர். எண்ணினோம், அது போகட்டும். இனிமேல் டிஎம்-ஆக இருப்பவர்கள் கீழே சொல்வதைக் கடைப்பிடிக்கலாம்.

ஆட்டத்தின் மான்ஸ்டர் விவரப் புத்தகமான 1977 மான்ஸ்டர் மேனுவலை எடுங்கள். ஒரு கூட்டத்தில் ஆர்க் 30 முதல் 300 வரை. உறைவிடமாக இருந்தால் ஆண்களில் பாதி அளவு பெண்கள், ஆண்களுக்குச் சமமாகக் குட்டிகள். 200 ஆண், 100 பெண், 200 குட்டி என்று வையுங்கள். பெண்ணுக்கு இரண்டு குட்டி. இரண்டும் பிழைத்தால்கூட 100 பெண்களும் 200 ஆண்களும் அடங்கிய பெற்றோர் தலைமுறைக்கு ஈடாகாது. ஆக, ஒன்று ஆண்கள் வெளியிலிருந்து வந்து சேர்கிறார்கள், அல்லது பெண்கள் இரண்டு குட்டியோடு நிறுத்துவதில்லை. எதுவென்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆர்க்குகள் ஏன் ஓயாமல் படையெடுக்கின்றன என்பதற்கு உங்களுக்கு ஒரு காரணம் அதிலேயே கிடைக்கும்.

அடுத்தது தனிமை. குகை என்பது தீவு. அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் ஓநாயையும் மூஸ் மானையும் 1958 முதல் எண்ணிவருகிறார்கள். 1980-இல் 50 ஓநாய்கள். 1982-இல் 14. நாய்களிடமிருந்து வந்த பார்வோ வைரஸ் காரணம். பிறகு உள்ளுறவு இனப்பெருக்கம் வாட்டி, கடைசியில் இரண்டே ஓநாய்கள் மிஞ்சின. உங்கள் பார்ட்டியும் நாயோடுதானே குகைக்குள் போகிறது? வாளால் செத்தவர்களை மட்டும் கழிக்காதீர்கள்.

மூன்றாவது, ஒரே உணவு, ஒரே இடம் என்றால் இரண்டு இனம் நிலைக்காது என்று 1934-இலேயே ரஷ்ய உயிரியலாளர் காஸ் எழுதிவிட்டார். கோப்ளினுக்கு இரவு வேட்டை, கோபோல்டுக்குக் காளான், பக்பேருக்குக் கோப்ளின் என்று பிரித்துக் கொடுங்கள். நான்காவதாக, ஜெலாட்டினஸ் க்யூபை (வழியில் கிடப்பதைக் கரைத்துத் தின்னும் கூழ்க் கட்டி) வெறும் பொறியாக வைக்காதீர்கள். குகையில் பிணம் நாறாமல் இருப்பதே அதனால்தான். ஐந்தாவதாக

உப்புக்கண்டம்:
சார், திரியோட தலைப்பு அனுபவம். உங்க அனுபவம் முதல் வரியோட முடிஞ்சு போச்சு.

கணக்கு_வாத்தியார்:
எண்ணி முடிப்பதற்குள் பையன்கள் முகாமுக்குத் தீ வைத்துவிட்டார்கள். அதில் சொல்ல என்ன இருக்கிறது?

குகைவாசி:
யாரும் கேக்காட்டியும் சொல்லிடறேன். கிளெரிக் அக்கா கோபோல்ட் சேமிப்பு அறையில இருந்து தானிய மூட்டையை ஹாப்கோப்ளின் குகைக்குச் சுமந்துட்டு வரச் சொல்லிட்டாங்க. ஃபைட்டர் சுமக்கிறான், இன்னும் எக்ஸ்பி கேட்டுட்டே இருக்கான். தானியத்தை ஹாப்கோப்ளின் குட்டி தின்னுமான்னு டிஎம் அடுத்த செஷன்ல டைஸ் போடறாராம். மினோடார் வேற உயிரோட இருக்கு, மூட்டை வர்ற வழி அது குகை வாசல்லதான்.