வாளையார் எல்லை தாண்டினால் கேரள லாட்டரி: உங்களுக்கு நடந்தது என்ன?

கோவை_செல்வி:
பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரி வாசல். காருண்யா லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த அக்கா கொழிஞ்சாம்பாறைக்காரர், தமிழிலேயே பேசினார். "வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடந்ததே இந்தக் காருண்யா பணத்துலதான்" என்றார். ஏழைகளின் சிகிச்சைக்கென்று 2011-ல் கேரள நிதியமைச்சர் கே.எம்.மாணி கொண்டுவந்த சீட்டாயிற்றே, சந்தோஷமாக இருந்தது. அப்போது மணி இரண்டே முக்கால். மூன்று மணிக்குக் குலுக்கல். விற்காததெல்லாம் வெறும் காகிதம், நஷ்டம் அவர் தலையில். மிச்சச் சீட்டுகளின் முனையைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டே இருந்தார். அந்த நஷ்டத்துக்கு எந்த நிதி?

பழைய_பஸ்ஸ்டாண்ட்:
ரொம்ப உருகாதீர்கள் செல்வி. விற்ற பணத்தில் பாதிக்கு மேல் பரிசாகவே திரும்பிவிடும். கமிஷன், அச்சுச் செலவு, ஜிஎஸ்டி (2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம்) எல்லாம் போக லாபமென்று நிற்பது கொஞ்சம்தான். விற்பனைத் தொகையைக் காட்டி 'லாட்டரியால் ஆஸ்பத்திரி' என்பதெல்லாம் சும்மா. நாமும் 1968-லிருந்து 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று விற்றவர்கள்தானே. ரிசல்ட் வந்த சாயங்காலம் எங்கள் பஸ் ஸ்டாண்ட் தரையெல்லாம் சீட்டாகக் கிடக்கும். ஒரு சுமைதூக்கி அவற்றைப் பொறுக்கி, பேப்பரோடு ஒத்துப் பார்ப்பார், யாராவது சரியாகப் பார்க்காமல் போட்டிருப்பார்களோ என்று. 2003-ல் ஜெயலலிதா தடை போட்டபோது நான் நினைத்தது அந்தச் சுமைதூக்கியைத்தான்.

ஈரோட்டான்:
தடை போட்டு என்ன ஆயிற்று சார்? இங்கே மூணு நம்பர் ஓடுகிறது. கேரளா ரிசல்ட்டின் கடைசி மூன்று எண்ணுக்குப் பந்தயம். துண்டுத்தாளில் பேனாவால் எழுதிய எண், அவ்வளவுதான் சீட்டு. பட்டறையில் ஒரு அண்ணன் மூன்று மணிக்கு மேல் போனையே முறைத்துக்கொண்டு நின்றார். நூல் அறுந்து தறி நின்றதுகூடத் தெரியவில்லை. அந்தக் காசு எந்த அரசுக்கும் போவதில்லை. அப்புறம், ஜிஎஸ்டியில் பாதி அந்த மாநிலத்துக்கே போகிறது, அதை விட்டுவிட்டுக் கணக்குச் சொல்கிறீர்களே.

திருப்பூர்_மணி:
ஓணம் பம்பர் 500 ரூபாய்க்கு வாங்கினேன், விழவில்லை. சரி, வாங்குகிறவர்களுக்குச் சில விஷயம். வாங்கின உடனே சீட்டின் பின்னால் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இரு பக்கமும் ஜெராக்ஸ் எடுங்கள். வாட்ஸ்அப்பில் 'கேரளா லாட்டரி' விற்பவனை நம்பாதீர்கள், ஆன்லைன் விற்பனையே கிடையாது. ரிசல்ட்டை அரசிதழோடு சரிபாருங்கள். 5,000 வரை கடையிலேயே தருவார்கள், மேலே போனால் லாட்டரி அலுவலகம். 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 2023 ஓணம் பம்பர் 25 கோடி அடித்ததும் வாளையாரில் வாங்கிய சீட்டுக்குத்தான், நம் ஊர்க்காரர்களுக்கு. ஆனால் 25 கோடியும் கைக்கு வராது. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், மீதியில் வரி 30 சதவீதம் போக 15.75 கோடி. சர்சார்ஜ் (வரியின்மேல் கூடுதல் வரி) தனி, அதற்கு ஆடிட்டரைப் பாருங்கள்.