வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாயை அணைப்பதா, விட்டுவிடுவதா?

கொட்டகலையான்:
தீபாவளி நெருங்குகிறது. முதல் வெடி கேட்டதுமே நாயைத் தூக்கி மடியில் வைத்துத் தடவுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடுங்கும்போதெல்லாம் செல்லம் கிடைத்தால், நடுங்குவதே நாய்க்குப் பழக்கமாகிவிடும். என் தகப்பனார் காலத்தில் வாசலிலேயே கட்டிவைப்பார்கள். இரண்டொரு தீபாவளிக்குள் நாய் அடங்கிவிடும். மரக்கறித் தோட்டத்தில் பன்றி விரட்ட வெடி போட்டாலும் எங்கள் நாய்கள் அசைவதில்லையே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மலைச்சாரல்:
அண்ணா, உட்காரச் சொன்னதும் உட்கார்ந்த நாய்க்கு ரொட்டித் துண்டு கொடுத்தால் அது மறுபடியும் உட்காரும். ஏனென்றால் உட்காருவது அது விரும்பிச் செய்யும் செயல். பயம் அப்படிப்பட்டதல்ல. இடிக்கு அழுகிற குழந்தையை அணைத்துக்கொண்டால், அணைப்புக்காக அது இடிக்குப் பயப்படத் தொடங்குவதில்லை. அருகில் வருகிற நாயை அமைதியாகத் தடவலாம். ஒதுங்கிப் போகிற நாயை இழுத்துப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கட்டிவைத்த நாய் அடங்கிவிட்டது என்கிறீர்களே, அதன் பக்கத்தில் போய்ப் பாருங்கள். காது பின்னால் ஒட்டியிருக்கும், வால் வயிற்றுக்கடியில் ஒடுங்கியிருக்கும், தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், மற்ற நாட்களில் பாய்ந்து பிடுங்கும் கருவாட்டுத் தலையை மூக்கின் முன் வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. ஓட வழியில்லாமல் உறைந்து கிடப்பதைப் பழக்கம் என்று எப்படிச் சொல்வது? உங்கள் தோட்டத்து நாய்களின் கதை வேறாக இருக்கலாம். ஏறத்தாழ 3 வாரம் முதல் 14 வார வயதுக்குள் ஒரு குட்டி எந்தச் சத்தத்தைத் தூரத்தில் பயமில்லாமல் கேட்டு வளர்கிறதோ, அதைப் பிறகும் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வளர்ந்த நாயை வெடிக்குப் பக்கத்தில் கட்டுவதற்கு அது சான்றாகாது.

கொட்டகலையான்:
உங்கள் விளக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் 'உள்ளறையில் வையுங்கள், திரையை இழுத்து மூடுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதெல்லாம் துரை பங்களாவுக்குச் சொல்லும் அறிவுரை. எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் காம்பரா என்று ஓர் அறையும் இஸ்தோப்பு என்று ஒரு முன் தாழ்வாரமும்தான், மேலே தகரம். பக்கத்து வாசலில் வெடிப்பது எங்கள் சுவருக்குள்ளேயே வெடிப்பது போலக் கேட்கும். போதாக்குறைக்கு ஐப்பசி மாதம் என்றால் பின்னேரம் இடியும் மழையும் வேறு. இங்கே நாயை எங்கே ஒளித்துவைப்பது?

மலைச்சாரல்:
நியாயமான கேள்வி. கட்டிலுக்கடியில் சாக்கும் பழைய கம்பளியும் போட்டுவைத்தால் பல நாய்களுக்கு அதுவே போதும். இப்போதே அங்கே சோறு வைத்துப் பழக்குங்கள், உள்ளே தள்ளி அடைக்காதீர்கள். இருட்டுமுன்பே வெளியே கூட்டிப்போய் வந்துவிட வேண்டும். தயவுசெய்து சங்கிலியில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். பயந்த நாய் மதிலைத் தாண்டிப் பாயும்போது அந்தச் சங்கிலியே கழுத்தை இறுக்கிவிடும்.

இன்னும் சில வாரங்கள் இருப்பதால் வேறொன்றும் செய்யலாம். தொலைபேசியில் பதிவு செய்த வெடிச் சத்தத்தை, நாய் காதை மட்டும் அசைத்துவிட்டுத் தொடர்ந்து தின்னும் அளவுக்கு மெல்லமாக, சாப்பாட்டு நேரத்தில் ஒலிக்கவிடுங்கள். தின்பதை நிறுத்தினால் சத்தம் கூடிவிட்டது என்று பொருள். உடனே குறைக்க வேண்டும். பல நாட்களில் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். ஊரில் உண்மையான வெடி தொடங்கியதும் இந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். இடிக்கு இது அவ்வளவாகப் பலிப்பதில்லை, ஏனென்றால் மின்னலையும் காற்றையும் மழையையும் தொலைபேசியால் கொண்டுவர முடியாது.

பண்டாரவளை அக்கா:
இருவரும் மருந்தைப் பற்றிப் பேசவில்லையே. எங்கள் பக்கத்தில் மனிதர் குடிக்கும் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறார்கள். நாய் தூங்கிவிடுகிறது. அதில் என்ன தவறு?

மலைச்சாரல்:
அக்கா, அந்த அளவை யார் கணக்கிட்டார்கள்? ஒரு நாய்க்குத் தூக்கம் தருவது இன்னொன்றின் மூச்சையே தளர்த்திவிடலாம். வைத்தியர்களே முன்பு அதிகம் கொடுத்த அசிப்ரோமசீன் என்ற மருந்து கூட உடலைத் தளர்த்துமே தவிர பயத்தைத் தணிப்பதில்லை. நாய் எல்லாவற்றையும் கேட்டபடி அசைய முடியாமல் கிடக்கும். அதனால் பலர் அதைத் தனியாகக் கொடுப்பதைக் கைவிட்டுவிட்டார்கள். சத்தப் பயத்துக்கென்றே கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் தடவும் டெக்ஸ்மெடடோமிடின் ஜெல் இருக்கிறது. அமெரிக்காவில் 2016இல் விற்பனைக்கு வந்தது. இங்கே இலங்கையில் எது கிடைக்கும், உங்கள் நாயின் எடைக்கு எவ்வளவு என்பதை உங்கள் பகுதி அரச மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும். கடுமையான பயமென்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை வரை போவதும் வீணாகாது. தீபாவளிக்கு முதல்நாள் ஓடாமல் இப்போதே போய்க் கேளுங்கள், அக்கா.

கொட்டகலையான்:
வாசலில் கட்டுவதை இந்த முறை விட்டுவிடுகிறேன். ஆனால் பிள்ளைகளின் வெடியை நிறுத்தச் சொன்னால் நான் எதிர்த்தே நிற்பேன். கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் அவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள்தான் கிடைக்கிறது.

மலைச்சாரல்:
நிறுத்தச் சொல்லவில்லை, அண்ணா. லயத்து வாசலுக்குப் பதிலாக, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில், இன்ன நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொளுத்தச் சொல்கிறேன். நேரம் தெரிந்தால் நாய் வைத்திருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்தில் இருக்கலாம். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பார்ப்பீர்களா?

கொட்டகலையான்:
கேட்கிறேன். ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விடயம்.